அண்டை வீட்டாரும் ஆவணப்படமும்

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் கடன், தவணை, வட்டி, பங்குத் தொகை, நூல் ஒதுக்கீடு, உர விநியோகம் ஆகியவையே நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருகின்றன. இதில் வியப்பொன்றுமில்லை. அன்றாடம் வேண்டுவன அவையே. ஆயினும் இவை யாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று உண்டு. அதுதான் ஒருவரையொருவர் அறிதல். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே பேரேட்டில் கையெழுத்திடலாம். ஒரே சங்கமாக இயங்க இயலாது. ஆண்டுதோறும் மகாசபைக் கூட்டத்தில் போதிய எண்ணிக்கை சேராமல் காத்திருக்கும் தலைவர்களும் காரியதரிசிகளும் இதன் உண்மையை நன்கறிவர்.

இக்குறையைப் போக்கச் சிறு வழியொன்றை நம் அனுபவத்திலிருந்து அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், அண்டை அயலாரை வீட்டிற்கு அழைத்து, ஒரு நல்ல ஆவணப்படத்தைக் காட்டி, அதைப் பற்றிக் கூடிப் பேசுவதே அவ்வழி. கேட்பதற்கு இது பொழுதுபோக்காகத் தோன்றும். பாஞ்சாலங்குறிச்சியில் நாம் குடியிருக்கும் வீட்டில் தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்கள் இதை நடத்திப் பார்த்த பிறகு, இது பொழுதுபோக்கினும் மேலானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். கடற்கரை மாவட்டமாயிற்றே என்று எண்ணி, கடலோடு போராடும் மக்களைப் பற்றிய படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ராபர்ட் பிளாகர்ட்டி என்ற அமெரிக்கர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அரான் தீவுகளில் எடுத்து, 1934-ல் வெளியிட்ட புகழ் பெற்ற படம் அது. நமக்கு அது பிடித்திருந்தது; அதுவே பெரும் பிழையாயிற்று. படம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பேச்சோ ஆங்கிலம். நாம் இடையிடையே படத்தை நிறுத்திப் பொருள் சொல்ல முயன்றோம். அரை மணி நேரத்தில் குழந்தைகள் எழுந்தோடினர்; பெரியவர் இருவர் அயர்ந்து உறங்கினர்; எஞ்சியிருந்தவர்களும் நம் முகத்துக்காகவே உட்கார்ந்திருந்தனர். பற்றாக்குறைக்கு மின்சாரமும் நின்றது.

நமக்குப் பிடித்ததைப் பிறர்மேல் திணிப்பது கூட்டுறவு ஆகாது என்பதை அன்று கற்றோம். அலுவலகத்திலும் நாம் அடிக்கடி மறந்துவிடும் பாடம் அது. இரண்டாம் முறை அண்டை வீட்டாரையே கேட்டோம். "படம் சின்னதா இருக்கணும், பேச்சு புரியணும், இல்லேன்னா பேச்சே வேண்டாம்" என்று நெசவாளர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் நமக்கு வழிகாட்டியது.

வேட்டியே திரை

மாசி மாதத்து ஞாயிறன்று கூடினோம். பொருள்கள் யாவும் கூட்டுறவு முறையிலேயே சேர்ந்தன. படம் வீழ்த்தும் சிறு புரொஜெக்டர் ஒன்றைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கொணர்ந்தார். நெசவாளர் தம் தறியில் நெய்த எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துச் சுவரில் ஆணியடித்துக் கட்டினார். அதைவிட நல்ல திரை விலைக்குக் கிடையாது. ஜன்னல்களைப் பருத்திச் சாக்குகளால் மறைத்து அறையை இருட்டாக்கினோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் கருப்பட்டிக் காப்பியும் பிற வீடுகளிலிருந்து வந்தன. நம் செலவு மிகச் சொற்பமே.

அன்று காட்டிய படம் பெர்ட் ஹான்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1958-ல் எடுத்த "கண்ணாடி" என்னும் படம். ஆஸ்கார் பரிசு பெற்றது. ஏறக்குறையப் பத்து நிமிடமே ஓடுவது. அதில் விளக்கவுரை கிடையாது. இசை மட்டுமே உண்டு. கண்ணாடித் தொழிலாளர்கள் நீண்ட குழல்களில் மூச்சை ஊதி ஊதி, உருகிய குழம்பைக் குடுவையாகவும் கிண்ணமாகவும் ஆக்குகிறார்கள். கன்னம் உப்புகிறது, கை குழலை உருட்டுகிறது, கண் அளவு பார்க்கிறது. பிறகு இயந்திரம் வருகிறது. புட்டிகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. ஓரிடத்தில் ஒரு புட்டி உடைந்து சிக்கிக்கொள்கிறது. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. அடுத்தடுத்த புட்டிகளையும் அங்கேயே தள்ளி உடைத்துக்கொண்டே இருக்கிறது. மனிதன் ஒருவன் வந்து கை வைத்த பிறகே சீராகிறது.

அந்த இடத்தில் நம் நெசவாளர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. இழை அறுந்தால் கைத்தறியாளனின் விரலுக்கு உடனே தெரியும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹாலந்து தேசத்துக் கண்ணாடித் தொழிலாளியும் பாஞ்சாலங்குறிச்சி நெசவாளியும் அந்தக் கணத்தில் ஒரே சங்கத்து அங்கத்தினர் ஆகிவிட்டனர். படத்தை மறுமுறை காட்டச் சொன்னார்கள், காட்டினோம்.

வாசற்படியில் நின்றவர்

அன்று நடந்த இன்னொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஊரின் கீழ்க்கோடியில் குடியிருக்கும் முதியவர் ஒருவர், பருத்திக் காடுகளில் ஆயுள் முழுவதும் உழைத்தவர், நம் அழைப்பின் பேரில் வந்திருந்தார். ஆனால் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. துண்டை இடுக்கிக்கொண்டு தெருவிலேயே நின்றார். ஏன் நின்றார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்கத்துடன் கூறுகிறோம்: நாமும் ஒரு கணம் தயங்கினோம்.

அப்போது நம் தாயார் எழுந்து வாசலுக்குச் சென்று, "உள்ள வாங்க அண்ணாச்சி, படம் சுவத்துலதான் தெரியும், தெருவுல தெரியாது" என்றார்கள். முதியவர் உள்ளே வந்தார். எல்லாரும் அமர்ந்திருந்த அதே பாயில் ஓரமாக உட்கார்ந்தார். காப்பி வந்தபோது அதே தம்ளர்களில் ஒன்று அவர் கைக்கும் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் முகம் மட்டும் சற்றுச் சுருங்கியது. பங்குனி மாதம் அவரும் வந்தார்.

சங்கத்து விதிகளில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு வாக்கு உண்டெனில், ஆளுக்கொரு பாயும் தம்ளரும் உண்டா என்பதை யாரும் தணிக்கை செய்வதில்லை. சங்கக் கட்டிடத்தில் சமமாக உட்காருவது சட்டத்தின் கட்டாயம். வீட்டில் சமமாக உட்காருவதோ மனத்தின் சம்மதம். கூட்டுறவு வேரூன்றுவது இரண்டாவதில்தான் என்பது நம் துணிபு. பொது மண்டபத்தை விட்டு வீட்டில் படம் காட்டவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் இதனால்தான்.

நூலின் இரு முனைகள்

படம் முடிந்து பேச்சுத் தொடங்கியபோது முதலில் வாய் திறந்தவர் அந்த முதியவரே. "இதைப் படம் பிடிச்சவன் பருத்தி எடுக்குற கையையும் பிடிச்சிருக்கலாம்" என்றார். பிறகு கேட்கக் கேட்கச் சொன்னார். பருத்தியைக் காலை வேளையிலேயே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். ஒட்டினால் மதிப்புக் குறையும். நன்றாக வெடித்த காயை மட்டுமே தொட வேண்டும். பனிக்கு நடுவே விடியலில் குனிந்து நிற்கும் இடுப்பைப் பற்றியும் சொன்னார். கரிசல் மண்ணின் பழைய செல்வமாகிய கருங்கண்ணிப் பருத்தியைப் பற்றியும் சொன்னார். இன்று அது சிறு பரப்பிலேயே விளைகிறது.

நெசவாளர் திகைத்துப் போனார். நாற்பது ஆண்டுகளாக நூலைத் தொட்டுப் பிழைப்பவர். அந்நூலுக்கு முந்திய கையை அவர் கண்டதே இல்லை. முதியவரும் தாம் எடுத்த பஞ்சு அரவை ஆலைக்குப் போகும் வண்டி வரையில்தான் பார்த்திருக்கிறார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்; ஒரே நூலின் இரு முனைகள். இடையில் தரகும் ஆலையும் சந்தையும் நிற்கின்றன. விவசாயிகளுக்கும் நெசவாளர்களுக்கும் பொதுவான பத்திரிகையாக இவ்விதழ் வெளிவருகிறது. ஆயினும் இவ்விரு சாராரும் ஒரே பாயில் அமர்ந்து பேசிய காட்சியை நம் ஊழியக் காலத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

பங்குனி மாதத்துக் கூட்டத்துக்கு வேறு தேசத்துப் படம் தேவைப்படவில்லை. நெசவாளரின் மகன் ஒரு விடியற்காலையில் காட்டுக்குச் சென்று, அம்முதியவர் பருத்தி எடுப்பதைத் தன் செல்போனில் பிடித்து வந்தான். ஏழெட்டு நிமிடப் படம். சில இடங்களில் ஆட்டம் கண்டது; காற்றிரைச்சல் மிகுதி. ஆனால் அன்று அறையில் இடம் போதவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றனர்.

தமிழருக்கு இது புதிதன்று

ஆவணப்படம் என்றால் மேல்நாட்டுச் சரக்கு என்று கருதுவோர் உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கப்பலில் செல்கையில் மகாத்மா காந்தியைப் பற்றிய படம் ஒன்றை எடுக்க எண்ணினார். பல நாடுகளில் அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-ல் தமிழ் விளக்கவுரையுடன் அதை வெளியிட்டார். பிறகு 2023-ல், முதுமலையில் அநாதை யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய தமிழ் பேசும் ஆவணக் குறும்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையில் நாம் இத்துறையை மறந்துவிட்டோம் என்பதே குறை. 1948-ல் தொடங்கிய மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எத்தனையோ நல்ல படங்களை அளித்தது. திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன் அவை ஓடும்போது நம்மவர் பலர் வெளியே நின்று பீடி புகைத்து, "படம் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தனர். இன்று அவ்வமைப்பு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது. அதன் பழைய படங்கள் பல இணையத்தில் காணக் கிடைக்கின்றன.

மக்களின் சிறு காசு பெருங்காரியம் செய்யும் என்பதற்கும் திரைப்படத் துறையில் சான்றுண்டு. ஆவணப்படமாக இன்றிக் கதைப்படமாயினும், கூட்டுறவாளர் யாவரும் அறிய வேண்டியது ஷியாம் பெனகல் 1976-ல் இயக்கிய "மந்தன்". குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து, 10 லட்சம் ரூபாயில் தம் கதையைத் தாமே படமாக்கிக் கொண்டனர். நம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் திரட்ட முனைந்த மூலதனமும் 10 லட்சம்தான். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இவ்விரு தொகைகளும் ஒத்திருப்பது தற்செயலே. ஆனால் பலர் சிறிது சிறிதாகக் கூடினால் கப்பலும் ஓடும், படமும் ஓடும் என்பது தற்செயல் அன்று.

கண்டதெல்லாம் மெய்யா?

படத்தைக் காட்டுவது பாதி வேலை. கேள்வி கேட்கப் பழக்குவதே மறு பாதி. நாம் முதலில் காட்டித் தோல்வியுற்ற அரான் தீவுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் தீவு மக்கள் பெருஞ்சுறாவை வேட்டையாடும் காட்சி பிரமாதமானது. ஆனால் அவ்வேட்டை அத்தீவில் பல்லாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து போயிருந்தது. படத்துக்காக அம்மக்களுக்கு அதைப் புதிதாகக் கற்பித்தார்கள். அதே 1934-ல் இலங்கையைப் பற்றி பாசில் ரைட் எடுத்த "சிலோன் கீதம்" கண்ணுக்கு விருந்தாக அமைந்தது. அதற்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்றவர்களும் உழைத்த அந்தத் தோட்டங்களின் துயரம் அப்படத்தில் பேசப்படவில்லை. ஆகவே எந்தப் படமாயினும், எடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், விட்டுப் போனது என்ன என்ற மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் கண்ணோடு படத்தையும் பார்க்கலாம்.

இந்தப் பயிற்சி நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. பாஞ்சாலங்குறிச்சியாருக்குக் கட்டபொம்மன் என்றால் 1959-ல் வெளிவந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் முழங்கிய வசனமே நினைவுக்கு வருகிறது. அது சிறந்த கலை, ஐயமில்லை. ஆனால் 1799-ல் கயத்தாற்றில் நடந்ததையும், 1801-ல் ஊமைத்துரை கோட்டையை மீண்டும் எழுப்பிப் போராடியதையும் அறிய, அப்போரில் எதிர்த் தரப்பில் நின்ற கர்னல் வெல்ஷ் பின்னாளில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். இன்று நாம் காணும் நினைவுக் கோட்டை 1974-ல் எழுப்பப்பட்டது. பழைய கோட்டையின் எச்சங்கள் தனியே இருக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் குழந்தைகளுக்கு வாய்க்க வேண்டும்.

ஆட்சேபங்களுக்கு விடை

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, கூடிப் பார்ப்பானேன்?" என்று கேட்கலாம். தனித்தனியே உண்பதற்கும் பந்தியில் உண்பதற்கும் உள்ள வேறுபாடே இதற்கு விடை. செல்போனில் தனியே அப்படத்தைப் பார்த்திருந்தால் முதியவர் பேசியிருக்க மாட்டார். நெசவாளர் கேட்டிருக்கவும் மாட்டார்.

"இது சங்கத்தின் வேலையா?" என்று வேறு சிலர் கேட்கலாம். 1844-ல் ராச்டேல் நகரத்தில் கடை திறந்த முன்னோடிகள், அவர்களுள் பலர் நெசவாளர், மாவும் சர்க்கரையும் விற்றதோடு நின்றுவிடவில்லை. உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர், படிப்பகமும் நடத்தினர். அந்த வழியில் வந்த நமக்கும் கூட்டுறவுக் கல்வி ஒரு கடமையே.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்துக்கு அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. புதிய படமாயின் எடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதி இசைவு பெறுவதே நேர்மை. ஆவணப்படம் எடுப்போர் பெரும்பாலும் பணம் படைத்தவர் அல்லர். நெசவாளியைப் போலவே கைப்பொருளைப் போட்டு உழைப்பவர். பிறர் உழைப்பை விலையின்றி எடுத்துக்கொள்ளலாகாது என்று தரகரிடம் வாதிடும் நாம், அதே தவற்றைச் செய்யலாகாது. கட்டணம் வசூலிப்பதும் கூடாது.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இம்முயற்சியை மேற்கொள்வோர் கருத வேண்டியவை சிலவே. படம் அரை மணிக்கு மேற்படாதிருக்கட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும், அல்லது பேச்சின்றிப் புரியட்டும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாதமொருவருக்குச் சுற்றி வரட்டும். பெண்கள் வரத்தக்க நேரம் எது என்று பெண்களையே கேட்க வேண்டும். படத்துக்குச் செலவான நேரத்தைவிடப் பேச்சுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஒவ்வொரு முறையும், இதுவரை நம் வீட்டு வாசற்படியை மிதிக்காத ஒருவரையேனும் அழைக்க வேண்டும். இவற்றுள் கடைசியே தலையாயது.

இன்னொன்று. மன்னார் வளைகுடாவில் எத்தனையோ நூற்றாண்டுகள் நடந்த முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் 1961-ஓடு நின்று போயிற்று. கல்லைக் காலிற் பிணைத்துக் கடலுள் இறங்கியவரின் மூச்சையும், படகில் கயிறு பிடித்தவரின் கவலையையும் நம் பிள்ளைகள் இனிக் காணப் போவதில்லை. கருங்கண்ணிப் பருத்தி எடுப்பவரும், பாவு ஓட்டும் மூதாட்டியும், பனையேறும் பெரியவரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் வேலை செய்வதைப் பேரப்பிள்ளைகள் தம் செல்போனிலேயே பிடித்து வைக்கட்டும். சங்கங்கள் அவற்றைத் திரட்டி, பேரேடுகளைக் காப்பது போல் காக்கட்டும். பேரேட்டில் அவர்கள் பெயரும் பங்குத் தொகையும் மட்டுமே இருக்கின்றன. அவர்களுடைய கை இல்லை.

சித்திரை மாதக் கூட்டம் நம் வீட்டில் அன்று, நெசவாளர் வீட்டில். தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். முதியவரை அழைத்து வரும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார்.